உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும்

இலக்கணம் படிப்பித்தே காலங்கழித்த ஒருவன் மின்பிறப்பாக்கியின் கம்பித் தொடுப்பைப் பற்றி எழுதப் புகுந்தமை வாசகர் சிலருக்கு வியப்பைத் தரலாம். என் தமையனார் அறிந்தால் வாய்விட்டு நகைப்பார்; வீட்டிலே உருகி எரிந்துபோனால் அயலவரை அழைப்பவன் நான் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் ஓராண்டுக்கு மேலாகச் சனிக்கிழமைகளில் ஓர் அரிசி ஆலையின் எஞ்சின் அறையிலே குந்தியிருந்து நான் கற்றவை, பிராசீன பாடசாலையிலே முப்பது ஆண்டுகளாகக் கற்பித்தவற்றோடு பலவிடத்தும் வந்து முட்டின. அங்ஙனம் முட்டியவற்றை எழுதிவைத்தல் நலமென்று தோன்றிற்று.

ஆலை கிளிநொச்சி மாவட்டத்திலே, கண்டி வீதியினின்றும் சிறிது உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அதன் பெயரோ உடையவர் பெயரோ இங்கு வேண்டா. 2024ஆம் ஆண்டு மாசி மாதம். காலபோக அறுவடை முடிந்து, உழவு யந்திரப் பெட்டிகளில் நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். அவித்த நெல்லைக் காலத்திலே உலர்த்தாவிடின் அது புளித்து நாறும். ஆதலின் மின்சாரம் நின்றாலும் ஆலை நிற்கலாகாது. அதற்கென ஒரு பெரிய டீசல் மின்பிறப்பாக்கியை வாங்கி வைத்திருந்தார்கள். ஊர் மின்சாரம் அற்றவுடன் அது தானே புறப்படும். ஊர் மின்சாரம் மீண்டவுடன் தானே நிற்கும். பிறர் பாவித்து விற்ற பழைய பொறி. அதன் முகப்பிலே ஆங்கிலத்திற் சில சொற்கள் அரைகுறையாக அழிந்து கிடந்தன.

அன்று நண்பகல் மின்சாரம் போய் வந்தது. பொறி ஓடி ஆறி நின்றது. மானிகளின் முட்களெல்லாம் சுழியத்திற் கிடந்தன. காற்றாடியை இழுக்கும் பட்டி கிறீச்சிட்டதை முன்னரே கேட்டிருந்த இளைஞன் ஒருவன், தலைமைத் தொழிலாளி சாப்பிடப் போயிருந்த வேளையிலே, பட்டியின் தளர்ச்சியைப் பார்க்கக் கையை உள்ளே விட்டான். பட்டிக்குமேல் இருக்கவேண்டிய கம்பிவலை மறைப்பு என்றோ கழற்றப்பட்டுச் சுவரிற் சாய்ந்திருந்தது. அவன் கை உள்ளே இருக்கும்போது ஊர் மின்சாரம் இரண்டாம் முறை போயிற்று. சில விநாடிகள் கழித்துப் பொறி புறப்பட்டது.

இடக்கையில் இரண்டு விரல்கள் போயின.

அலறல் கேட்டு ஓடிவந்த மற்றொருவன் சிவந்த பெரிய குமிழை அமுக்கினான். பொறி நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் அமுக்கினான். அது தன்பாட்டில் ஓடிக்கொண்டேயிருந்தது. கடைசியில் டீசல் தாங்கியின் குழாயைப் பூட்டி, குழாய்க்குள் எஞ்சியிருந்த எண்ணெய் முடியும்வரை சில நிமிடம் காத்திருக்க நேர்ந்தது. அந்தச் சில நிமிடங்களைப் பற்றிப் பேசும்போது அவன் இன்றும் தலை கவிழ்கிறான்.

இதற்குப் பின்னரே என் பழைய மாணவன் ஒருவன் அங்கு அழைக்கப்பட்டான். வகுப்பிலே புணர்ச்சி விதிகளை ஒருபோதும் ஒழுங்காகச் சொல்லாதவன். இன்று வன்னியிலே பல ஆலைகளுக்கும் ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் மின்வேலை செய்பவன். அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து முற்றத்திலே நின்றபடி, "ஐயா, அந்தப் பெட்டியிலை இங்கிலிசு இருக்கு, கொஞ்சம் சிங்களமும் இருக்கு. அதுக்குப் பக்கத்திலை நிண்டு வேலை செய்யிற பொடியளுக்கு விளங்கிறதுக்கு ஒரு சொல்லும் இல்லை. நான் வயரைப் பாக்கிறன். சொல்லை நீங்கள் பாருங்கோ" என்றான். ஒவ்வொரு ஆளிக்கும் குமிழுக்கும் விளக்குக்கும் தமிழிலே பெயர் எழுதித் தரவேண்டும் என்பது அவன் வேண்டுகோள். பொருள் அறியாது பெயர் இடலாகாது என்றேன். அப்படியானால் வந்து இருங்கள் என்றான். போய் இருந்தேன்.

*

மின்சாரம் எமக்குப் புதிதன்று. அற்றுப்போன பொருளாகவும் அதனை அறிவோம். 1990 முதல் நெடுங்காலம் இம்மண்ணின் பெரும்பகுதிக்கு ஊர் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரியிட்டு, கிடைத்த மண்ணெண்ணெயைத் துளியளவாக விட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, சில்லில் உரசிய தைனமோவிலிருந்து வானொலிச் செய்தி கேட்டோம். சுழற்றும் முறை எனக்கு வரும்போது செய்தி வாசிப்பவரின் குரல் தடித்தும் மெலிந்தும் ஒலிக்கும். என் கை ஓயும்போது அவரும் ஓய்வார். அதுவும் மின்பிறப்பாக்கியே. 1831இல் மைக்கல் பரடே கண்ட உண்மை, காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றை நோக்கி ஒன்று அசைந்தால் கம்பியிலே மின் எழும் என்பது, அந்தச் சிறு தைனமோவிலும் ஆலையின் பெரும்பொறியிலும் ஒன்றே.

வேறுபாடு எங்கே என்று மாணவன் கேட்டான். பருமன் என்றேன். இல்லை என்றான். சைக்கிளிலே ஆட்டுபவனே ஆளுபவன். கையை எடுத்தால் எல்லாம் நிற்கும். ஆலைப் பொறியிலோ ஆட்டுவது டீசல். ஆளுவது, பற்றறியிலிருந்து வரும் 24 உவோற்று மின்னிலே இயங்கும் மெல்லிய கம்பிகள் சில. நாலு துருவம் உடைய பொறி 50 சுழல் அதிர்வுள்ள மின்னைத் தர நிமிடத்துக்கு 1,500 முறை சுழலவேண்டும். அதாவது விநாடிக்கு 25 முறை. அவ்வளவு வேகத்திற் சுழலும் பெரும்பாரத்தை, சுண்டுவிரலினும் மெல்லிய கம்பி ஒன்று போ என்றும் நில் என்றும் ஏவுகிறது. ஏவல் வினையை நான் எத்தனையோ ஆண்டு படிப்பித்திருக்கிறேன். ஏவல் போய்ச் சேராவிட்டால் என்னவாகும் என்று இலக்கண நூலார் கேட்டதில்லை.

சிவந்த குமிழ் ஏன் பொறியை நிறுத்தவில்லை என்பதை அவன் இவ்வாறு விளக்கினான். அந்தப் பொறியில், நிறுத்த வேண்டுமானால் மின் செல்லவேண்டும். குமிழை அமுக்கினால் சுற்று மூடும். மின் ஒரு சுருளுக்குப் போகும். சுருள் காந்தமாகி எண்ணெயைத் தடுக்கும் நெம்பை இழுக்கும். கேட்பதற்கு ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் விநாடிக்கு 25 முறை அதிரும் உடம்பிலே, ஒரு கம்பி தன் திருகாணியை விட்டு என்றோ கழன்றிருந்தது. கழன்ற செய்தியை அறிவிப்பார் இல்லை. பொறி நாள்தோறும் ஓடிற்று. நாள்தோறும் வழக்கப்படி நின்றது. அவசரக் குமிழை ஒருவரும் ஒருநாளும் சோதித்திலர். தேவைப்பட்ட அன்றுதான் அது இல்லை என்று தெரிந்தது.

இதனைத் திருத்தும் வழி, சுற்றைத் தலைகீழாக்குதல். ஓட வேண்டுமானால் மின் செல்லவேண்டும் என்று அமைப்பது. எண்ணெய்க் குழாயின் வாயிலை ஒரு சுருள் திறந்து பிடித்திருக்கும்; பிடி விட்டால் உள்ளிருக்கும் வில் அதனை அடித்து மூடும். அந்தச் சுருளுக்குச் செல்லும் மின், அவசரக் குமிழ்கள் எல்லாவற்றினூடாகவும், பட்டி மறைப்பின் ஆளியினூடாகவும், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணிபோல வரும். குமிழை அமுக்கினாலும் நிற்கும். கம்பி கழன்றாலும் நிற்கும். எலி கடித்தாலும், உருகி எரிந்தாலும், பற்றறித் தொடுப்பு அறுந்தாலும் நிற்கும். பழுது எங்கு நேர்ந்தாலும் பொறி நிற்பதன் பக்கமே சாயும்.

வன்னியில் வயல் வைத்திருப்போருக்கு இது புதுமையன்று. கதிர் முற்றும் காலத்திலே யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரண் கட்டி இரவு விழித்திருப்போம். ஒரு பரணிலிருந்து கூவினால் அடுத்த பரணிலிருந்து மறுகூவல் வரவேண்டும். அது அதற்கடுத்ததற்குப் போகும். யானை வந்தாற் கூவுங்கள் என்று மட்டும் சொல்லி விட்டால், காவற்காரன் உறங்கிவிட்ட இரவும், யானை வராத இரவும் காதுக்கு ஒன்றாகவே இருக்கும். ஆதலின்தான் ஒன்றுமில்லாத போதும் கூவுகிறோம். கூவல் நின்றால் பந்தம் எடுத்துக்கொண்டு போகிறோம். என் தகப்பனார் காலத்திலும் அப்படித்தான். 1872இல் அமெரிக்காவிலே ஜோர்ச் வெஸ்ரிங்கவுஸ் என்பார் புகைவண்டிக்கு அமைத்த தானியங்கு காற்றுத் தடையும் இதே நெறியினது: குழாயிலே காற்று அழுத்தம் உள்ளவரை தடைகள் விலகி நிற்கும், பெட்டி கழன்று குழாய் அறுந்தால் அழுத்தம் போய்த் தடைகள் தாமே விழும். அவர் பரண் கண்டிரார்.

இந்த நெறியைக் கொண்டு பார்த்தால் மற்றொரு குறையும் புலப்பட்டது. எஞ்சினுக்கு உள்ளே மசகெண்ணெயின் அழுத்தம் குறைந்தால் அதனை அறிவிக்கும் ஆளி ஒன்று உண்டு. இப்பொறியில் அழுத்தம் வீழ்ந்தால் அது மூடிக்கொண்டு செய்தி அனுப்பும். கம்பி அறுந்தாலோ செய்தி இல்லை. செய்தி இல்லாமையை நலமென்று கொள்ளும் அறிவிலியாகப் பொறி ஓடும். அதற்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். பொறி நிற்கும்போது அழுத்தம் இல்லை. அப்போது அந்த எச்சரிக்கை விளக்கு எரியத்தான் வேண்டும். திறப்பைத் திருப்பியவுடன் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பின்னரே பொறியைக் கிளப்ப வேண்டும் என்று எழுதித் தாருங்கள் என்றான். எரியாத விளக்கு நலத்தின் அறிகுறியன்று என்பதை ஒரு வரியில் எழுத எனக்கு ஒரு பிற்பகல் சென்றது.

*

இனிச் சொற்களுக்கு வருவோம். அதற்காகத்தானே என்னை அழைத்தான்.

இலங்கையிலே சுயமொழியில் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் அறிஞர் கூடிச் செய்த கலைச்சொற்கள் இன்றும் எம் பாடநூல்களில் வாழ்கின்றன. மின்பிறப்பாக்கி, நிலைமாற்றி, உருகி, ஆளி, காவலி என்பன எம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆளி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் கோயிற்றூணிலே தும்பிக்கையோடு நிற்கும் விலங்கே நினைவு வரும். ஆளுவது ஆளி என்று கொண்டால் அதுவும் பொருந்தும். உருகி என்பது மிக நேர்த்தியான ஆக்கம். தான் உருகிப் பிறரைக் காப்பதனை வினைமுதலாக்கிப் பெயரிட்டார்கள். அது பற்றறிக்கு மிக அண்மையில் இருக்கவேண்டும் என்று மாணவன் சொன்னான். தூரத்தில் வைத்தால் பற்றறிக்கும் உருகிக்கும் இடையிலுள்ள கம்பி காவலின்றி நிற்கும். 24 உவோற்று மனிதனை அதிர்ச்சியாற் கொல்லாது என்று எண்ணி அதனை இகழ்வோர் உளர். ஆனால் விரலில் மோதிரத்தோடு பற்றறி முனையிலே திருகியைப் பிடித்தவன் மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டதைப் பார்த்திருக்கிறானாம். நானும் அன்று முதல் எஞ்சின் அறைக்குப் போகுமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுகிறேன்.

என் மனத்தை நெடுநாள் பற்றி நின்ற சொற்கள் இரண்டு. ஒன்று உயிர்க்கம்பி, மற்றது நொதுமற்கம்பி. உயிர்க்கம்பி என்பது பிறமொழிச் சொல்லின் நேர்பெயர்ப்பே. கம்பியில் உயிர் இருக்குமிடத்து மனிதனுக்கு உயிர் இல்லை என்பதனால் அந்தப் பெயரை நான் குறை கூறேன். நொதுமல் என்பது ஆழ்ந்த சொல். அகத்திணையில் நொதுமலர் வரைவு என்று ஒரு துறைப்பொருள் வரும். தலைவியை மணம்பேச அயலார் வருதல். பரிமேலழகர் நடுவுநிலைமைக்கு உரை கூறுமிடத்தே பகை, நொதுமல், நட்பு என்று மூவகையாகப் பகுப்பார். பகையும் அல்லாத, நட்பும் அல்லாத அயன்மை. அப்பெயரைக் கேட்ட தொழிலாளி நொதுமற்கம்பி தீங்கு செய்யாது என்று எண்ணினால் அவனை எப்படிக் குறை கூறுவது? உண்மையிலோ உயிர்க்கம்பி வழியே சென்ற ஓட்டம் முழுவதும் நொதுமல் வழியே திரும்புகிறது. அது பிறப்பிடத்திலே புவியோடு கட்டப்பட்டிருப்பதனால் அடங்கிக் கிடக்கிறது. இடையில் எங்கேனும் அறுந்ததாயின், அறுந்த முனை, ஓடும் மோட்டரினூடாக வந்த மின்னை ஏந்திக்கொண்டு உயிர்க்கம்பி போலவே கடிக்கும். அயலான் உறவினனாவதும் பகைவனாவதும் கட்டைப் பொறுத்தது என்றேன். மாணவன், "அது சரி ஐயா, ஆனால் அதை எழுதாதேங்கோ, நொதுமலையும் தொடாதை எண்டு எழுதுங்கோ" என்றான். அப்படியே எழுதினேன்.

எச்சம் என்பதும் அங்கு உண்டு. பெயரெச்சம், வினையெச்சம் போல எச்சக் காந்தம். பொறியின் இரும்பிலே முன் ஓட்டத்தின் காந்தம் சிறிது எஞ்சி நிற்கும். அந்த எச்சத்தைப் பற்றிக்கொண்டே பொறி தன் மின்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. வேர்னர் சீமன்ஸ் முதலானோர் 1867 அளவிலே இதனை உலகுக்கு எடுத்துரைத்தனர். ஆதலின் காந்தச் சுருளுக்குப் போகும் உருகியைக் கழற்றிவிட்டோம், இனி மின் பிறவாது என்று சுழலும் பொறியின் முனைகளைத் தொடலாகாது. சுழலும்வரை எச்சம் முடிவதில்லை.

விதி உண்டாயின் புறநடையும் உண்டு. தொல்காப்பியர் முதலாக நூல் செய்தோர் எல்லாரும் புறநடைச் சூத்திரம் வைத்தனர். சுற்றை அறுத்தால் காப்பு என்பதே இதுவரை நான் கற்ற விதி. பொறியிலிருந்து புறப்படும் தடித்த கம்பிகளைச் சூழ வளையம்போல் அமைந்த சிறு நிலைமாற்றிகள் சில இருந்தன. பெரிய ஓட்டத்தை அளவிற் குறைத்து மானிக்கு அனுப்புவன. மானியைக் கழற்றப்போன உதவியாளனை மாணவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். பொறி சுமையோடு ஓடும்போது அந்த வளையத்தின் சிறு கம்பியை அறுத்துவிட்டால், போக வழியற்ற மின் அதன் முனைகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு அழுத்தமாக எழும். ஆதலின் அங்கே முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிட்டே மானியைக் கழற்ற வேண்டும். மற்றெங்கும் அறுப்பது காப்பு. இங்கே இணைப்பது காப்பு. புறநடையை மறந்த மாணாக்கனுக்கு நான் புள்ளி குறைத்திருக்கிறேன். அவ்வளவே.

*

ஊர் மின்சாரத்துக்கும் ஆலை மின்சாரத்துக்கும் இடையிலுள்ள மாற்றுப் பெட்டியைப் பற்றிச் சொல்லாது விடல் ஆகாது. அங்கே அழிவது நம் கை அல்ல, நாம் காணாத ஒருவன் உயிர்.

ஊர் மின்சாரம் போய்விட்டது. ஆலை தன் மின்னைத் தானே பிறப்பிக்கிறது. இரண்டையும் பிரிக்கும் தொடுப்பு திறவாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், ஆலையின் 400 உவோற்று மின் வெளியே சென்று, வீதியோர நிலைமாற்றியைப் பின்வழியாக அடையும். 33,000 உவோற்றை 400 ஆக்கிய அதே நிலைமாற்றி, பின்வழியாக வந்த 400ஐ மீண்டும் 33,000 ஆக்கும். இரண்டு கட்டைக்கு அப்பால், மின் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் கையிலே அது போய்ச் சேரும்.

இதனைத் தடுக்க, ஒரு தொடுப்பானின் சுருளுக்குப் போகும் மின் மற்றத் தொடுப்பான் திறந்திருப்பதை உணர்த்தும் முனையினூடாகவே வரவேண்டும் என்று அமைப்பர். ஒருவன் வாசலை விட்டு விலகினால் அன்றி மற்றவன் நுழைய முடியாது. அது போதாதோ என்றேன். போதாது, மிகைச்சூட்டினால் தொடுப்பு உருகி ஒட்டிக்கொண்டால் மின்முனை பொய் சொல்லவும் கூடும், ஆதலின் இரண்டுக்கும் நடுவே இரும்பு நெம்பு ஒன்றும் இருக்கவேண்டும், ஒன்று உள்ளே போனால் மற்றதை அது உடம்பாலே தடுக்கும். அந்தப் பழைய பெட்டியில் நெம்பு இல்லை. அதற்குரிய இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. விலை பெரிதன்று, கொழும்பிலிருந்து வருவிக்க நாலு கிழமை சென்றது. அந்த நாலு கிழமையும் பொறியை ஓட்டலாகாது என்று மாணவன் சொல்லிவிட்டான். ஆலை உடையவர் முகம் சுருங்கியது. நெல்லைப் பாயிலே காயப்போட்டார்கள். அந்தப் பிணக்கிலே நான் யார் பக்கமும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று பின்னர் எண்ணினேன்.

மின்வெட்டு என்பது எங்கேயோ தொலைவில் நடக்கும் பிழையிலிருந்தும் வரும். 2020 ஆகத்து 17ஆந் தேதி கெரவலப்பிட்டிய உபமின் நிலையத்திலே பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த பிழையினால் நாடு முழுவதும் இருண்டது. 2022 பங்குனி முடிவிலே நாளுக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆந் தேதி பாணந்துறை உபமின் நிலையத்திலே குரங்கு ஒன்று புகுந்து நாட்டையே இருளாக்கிற்று என்று அறிவித்தார்கள். அந்த நாட்களில் எத்தனை ஆலைகளில், எத்தனை வைத்தியசாலைகளில், எத்தனை ஐஸ் தொழிற்சாலைகளில் பொறிகள் ஒருசேரச் சொல்லாமற் புறப்பட்டிருக்கும்! ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரோ ஒருவன் நின்றிருப்பான்.

மாணவனின் தகப்பனார் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலே வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து அதனூடே மின்னைச் செலுத்திக் குளோரீனும் எரிசோடாவும் எடுத்த இடம். 1980களின் நடுப்பகுதியிலே போரினால் நின்றுபோயிற்று. வேலைக்கு முன் ஆளியைப் பூட்டித் திறப்பை இடுப்பிலே கட்டிக்கொண்டு போகும் வழக்கத்தைத் தகப்பனிடமிருந்தே கற்றதாக அவன் சொன்னான். இப்போது ஆலையிலும் அது நடக்கிறது. யாராயினும் பொறியைத் தொடுமுன் தெரிவாளியை நிறுத்தத்துக்குத் திருப்பவேண்டும். பற்றறியின் எதிர்முனையை முதலிற் கழற்றித் துண்டிப்பானுக்குப் பூட்டுப் போடவேண்டும். ஒரே திறப்பு, அது வேலை செய்பவனின் பையில். பின்னர் மின் இல்லை என்பதைக் கருவியாற் சோதிக்கவேண்டும். சோதிக்குமுன் அந்தக் கருவியை மின் உள்ள இடத்திலே வைத்துப் பார்க்கவேண்டும். சோதித்த பின்னும் ஒருமுறை பார்க்கவேண்டும். பழுதான கருவியும் மின் இல்லை என்றே சொல்லும். பரண்காரன் உறக்கம் இங்கும் வந்துவிட்டது.

தொடுப்பு வேலை முடிந்த நாளிலே அவன் செய்த சோதனையை நான் மறவேன். பொறியை ஓடவிட்டு, கோத்த மணிகளிலே ஒவ்வொரு கம்பியாக, முன்பின் எண் பார்த்து, ஆளிக்கு ஆளி கழற்றினான். ஒவ்வொரு முறையும் பொறி நிற்கவேண்டும், நின்றது. குமிழை அமுக்கி விடுவித்தான்; விடுவித்தவுடன் தானே புறப்படலாகாது; புறப்படவில்லை. பதினேழாவது எண்ணுள்ள கம்பியைக் கழற்றியபோது பொறி ஓடிக்கொண்டேயிருந்தது. உதவியாளன் ஒருவன், அதிகம் திருகுவது கடினமாக இருந்தபடியால், அதற்குப் பக்கத்திலே ஒரு குறுங்கம்பியை இணைத்துவிட்டு மறந்திருந்தான். ஏச்சுப்பேச்சு இல்லை. மாணவன் அதனைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினான். விரற்கடை அளவு.

*

பெயர்ப்பலகைகளுக்கு வருகிறேன். நிறுத்து என்பதற்கும் நின்றது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் வகுப்பிலே ஏவலென்றும் இறந்தகாலமென்றும் சொல்லிவந்தேன். இங்கே குமிழின்மேல் எழுதவேண்டியது முன்னது. விளக்கின்மேல் எழுதவேண்டியது பின்னது. மாற்றி எழுதினால் ஓடும் பொறியை நின்ற பொறி என்று ஒருவன் வாசிப்பான். அவ்வகையில் இருபத்திரண்டு பலகைகளும் எளிதில் முடிந்தன. முடியாதது ஒன்று: தெரிவாளியின் நடு நிலை. ஆங்கிலத்தில் ஓட்டோ என்ற நாலெழுத்து அங்கே இருந்தது. மூன்று சில்லு வண்டியை எம்மவர் அந்தப் பெயராலே அழைப்பதனால் இளைஞர்கள் அதனைப் பகிடியாக வாசிப்பார்களாம்.

நான் தானியங்கு நிலை என்று எழுதிக் கொடுத்தேன். தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டையும் மனத்திற் கொண்டு எழுதியது, குற்றமற்ற சொல். விரல் இழந்த இளைஞன் அன்று ஆலைக்கு மீண்டும் வேலைக்கு வந்திருந்தான்; இப்போது கணக்குப் பார்க்கிறான். பலகையை நெடுநேரம் பார்த்தான்.

"ஐயா, இது எனக்கு விளங்குது. ஆனால் இது பயப்பிடுத்தேல்லை."

"எப்படி எழுதலாம், தம்பி?"

"சொல்லாமல் வெளிக்கிடும் எண்டு போடுங்கோ."

பேச்சு வழக்கைப் பலகையிலேற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. அறிவியாது புறப்படும் என்று திருத்திக் கொடுத்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தான். மாணவன் நடுவே புகுந்து, இப்போது பொறி புறப்படுமுன் பத்து விநாடி ஊதி ஊதும்படி தொடுத்திருக்கிறேன், இனி அது சொல்லித்தான் வெளிக்கிடும் என்றான். இளைஞன் கேட்டான்: "ஊதி பழுதாப் போனால்?"

எங்கள் இருவருக்கும் மறுமொழி இல்லை. மாணவன் அன்று மாலையே, ஊதி இழுக்கும் மின்னை உணர்ந்தாலன்றி எஞ்சின் சுழலாதவாறு ஒரு றிலேயைச் சேர்த்துக் கம்பியை மாற்றினான். நான் என் பலகையை எடுத்துக்கொண்டு வீடு போனேன்.

அடுத்த சனிக்கிழமை, சிவப்பு நிலத்திலே வெள்ளை எழுத்தாகப் பலகை ஏறியிருந்தது: சொல்லாமல் வெளிக்கிடும். எழுதிக் கொடுத்தவன் நானே. வர்ணம் தீட்டியவர் வெளிக்கிடும் என்பதிலே ககர ஒற்றை விட்டுவிட்டார். அதற்கடுத்த கிழமை சிறு தூரிகையும் ஒரு மூடி வெள்ளை வர்ணமும் கொண்டுபோய், மாணவன் பற்றறியைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்த பிறகு, அந்த ஒற்றை இட்டுவிட்டு வந்தேன்.